முடி, மீசை, முறைமை: படை அதிகாரிப் பயிற்சியில் தோற்ற விதிகள்

விழுப்புரத்தை அடுத்த காணையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கல்லூரிக்குப் போகும் பையன்களில் யார் என்.சி.சி.யில் இருக்கிறான் என்பதைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவர்கள் பக்கவாட்டில் ஒட்டச் சிரைத்து, உச்சியில் அடர்த்தியாக விட்டு, தாடிக்குக் கோடு போட்டு ஒதுக்கியிருப்பார்கள். இவன் தலை மட்டும் பழைய பாஸ்போர்ட் படத்தில் இருப்பதுபோல் இருக்கும். பரேடு நாளுக்கு முந்தைய இரவு பெல்ட்டின் பித்தளைக்குப் பிராசோ போட்டுத் தேய்ப்பான். பூட்சின் முனையில் பாலிஷ் வைத்து, ஈரத் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்து, முகம் தெரியும்வரை விடமாட்டான். காலையில் வரிசையில் நிற்கும்போது மேலிருந்து கீழே சோதனை நடக்கும். தொப்பியில் சிவப்பு இறகு நேராக நிற்கிறதா, தொப்பிக்கு வெளியே முடி பிதுங்குகிறதா, தாடையில் நேற்றைய முள் மிச்சமிருக்கிறதா, சட்டைப் பொத்தானும் பெல்ட் பக்கிளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டர்ன் அவுட்’.

இந்தப் பையன்களில் சிலருக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலையாக மட்டும் முடிவதில்லை. என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழைக் குறைந்தது ‘பி’ தரத்தில் பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராகப் படைத் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணலுக்குப் போகலாம். அதில் தேறி, மருத்துவச் சோதனையிலும் தேறி, தகுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் கதவு திறக்கும். சீனப் போரை ஒட்டி 1963இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 1988இல் கழகமாகப் பெயர் மாறிய இடம் அது. அங்கே பயின்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987இல் இலங்கையில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அணிவகுப்புத் திடலுக்கு அவர் பெயர்தான். மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கிருந்து போனவர்தான். அவரைப் பற்றிய ‘அமரன்’ படம் 2024இல் வந்த பிறகு அந்த இடம் தமிழ் இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

அங்கே சேர்ந்தவுடன் ஆண் பயிற்சியாளர்கள் பலர் முதலில் பார்ப்பது முடிதிருத்துபவரின் நாற்காலியை. இந்தத் தோற்ற விதிகள் எதற்கு? எவை போருக்குத் தேவை, எவை பழக்கத்துக்காக, எவை என்றோ யாரோ விட்டுப்போன ருசி? எந்த இடத்தில் விதி மனிதனைச் செதுக்குகிறது, எந்த இடத்தில் அவமதிக்கிறது? இதைப் பற்றிப் பேச உலகில் நம்மைவிட உரிமை உள்ளவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. தோற்ற விதி ஒன்று ராணுவத்தையே வெடிக்க வைத்த ஊர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேலூரில் நடந்தது

விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் திருவண்ணாமலை வழியாக வேலூர் வந்துவிடும். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்றுக்கு ஒப்புதல் தந்தார். பழைய தலைப்பாகையைவிட ஐரோப்பியத் தொப்பியின் சாயல் அதில் அதிகம். தோலால் ஆன ஒரு சின்னமும் அதில் இருந்தது. அடுத்து வந்த நிலையாணை இன்னும் உள்ளே புகுந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

தலைமையகத்துக்கு இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட சிறிய காரியம். சிப்பாய்க்கு அப்படி இல்லை. இந்துவுக்கு நெற்றிக் குறி அவன் சமயத்தின் அடையாளம். முஸ்லிமுக்குத் தாடி மார்க்கம். இரு தரப்பாருக்கும் தோல் சின்னம் அருவருப்பு. தொப்பி போடுகிறவன் மதம் மாறியவன் என்று ஊர் ஏசும். 1806 மே மாதமே வேலூரில் ஒரு படைப்பிரிவு தலைப்பாகையை அணிய மறுத்தது. மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கிடைத்தது. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

ஜூலை 10ஆம் தேதி விடியும் முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியப் படையைச் சுட்டு வீழ்த்தினார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி அன்றே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு புதிய தலைப்பாகையும் ஆணையும் திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக்கும் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

தலைப்பாகை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பியச் சிப்பாயோடு ஒப்பிட்டால் சம்பளம் சொற்பம். பதவி உயர்வுக்கு வழியில்லை. திப்புவின் குடும்பம் அதே கோட்டையில் காவலில் இருந்தது. ஆட்சி கைமாறிய வடு ஆறவில்லை. ஆனால் தனித்தனியாகக் கிடந்த இந்தக் கோபங்களை இந்துவும் முஸ்லிமும் ஒன்றாக உணரும்படி கட்டிக் கொடுத்தது தோற்ற ஆணைதான்.

இதில் இன்றைய பயிற்சியாளனுக்கு நேரான பாடம் ஒன்று உண்டு. அந்த ஆணையைத் தீட்டியவர்கள் மூடர்கள் அல்லர், தேர்ந்த அதிகாரிகள். தங்கள் ஆட்களின் நெற்றியையும் தாடையையும் தினமும் பார்த்தவர்கள். அவற்றுக்கு அந்த ஆட்களிடம் என்ன பொருள் என்று மட்டும் கேட்டதில்லை. அதிகாரியாகப் போகிறவன் இன்று தன் தலைமீது ஏற்கும் விதியை நாளை நூறு பேர் தலைமீது வைக்கப் போகிறவன். விதியைத் தாங்குவதோடு அதன் காரணத்தையும் அவன் அறிந்திருக்க வேண்டியது அதனால்தான்.

தேவையால் வந்தவை

விதிகளில் முதல் வகை உடலோடும் கருவியோடும் சம்பந்தப்பட்டது. நச்சுவாயு முகமூடி தாடையில் இறுக ஒட்ட வேண்டும். இடையில் தாடி இருந்தால் காற்றுப் புகும் அபாயம் உண்டு. ஹெல்மெட் தலையில் ஆடாமல் நிற்க வேண்டும். மோதிரமும் வளையமும் இயந்திரத்தில் சிக்கும். நெருக்கமான முகாமில் நீண்ட முடி பேனுக்கும் தோல் நோய்க்கும் இடம் தரும். இவற்றைப் பற்றி யாரும் வழக்காட வேண்டியதில்லை.

ஆனால் தேவை என்று சொல்லப்படும் எல்லாமே தேவையாகிவிடுவதில்லை. 1916 அக்டோபர் வரை பிரிட்டிஷ் ராணுவ விதி தாடையை மழிக்கச் சொன்னது, மேலுதட்டை மழிக்கத் தடை விதித்தது. மீசை வைத்தே ஆக வேண்டும்! முதல் உலகப் போரின் நடுவில், தனக்கே மீசை பிடிக்காத தளபதி நெவில் மக்ரெடி கையெழுத்திட்டு அந்த விதி போனது. மீசை இருந்தபோதும் ராணுவம் சண்டை போட்டது, போன பிறகும் போட்டது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பரங்கிமலையில் 1992இல் பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். முதல் அணி 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியேறியது. உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆணைக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புக் கழகமும் திறந்தது. அங்கிருந்து முதல் 17 பெண்கள் 2025 மே 30இல் தேறினார்கள். காலரைத் தொடாத ‘பாப்’ வெட்டு, இல்லையென்றால் வலை போட்டு இறுக்கிய கொண்டை என்பது படைகளில் பெண்களுக்கு நெடுநாள் வழக்கம். பார்வைக்கு ஒழுங்குதான். குப்புறப் படுத்துத் துப்பாக்கியைக் குறிபார்க்கும்போதோ, பின்னந்தலைக் கொண்டை ஹெல்மெட்டை முன்னுக்குத் தள்ளிக் கண்ணை மறைக்கும். நாள் முழுக்க இறுக்கிக் கட்டினால் தலைவலி வரும், நெற்றியோர முடி உதிரும். இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் 2021இல் அமெரிக்கத் தரைப்படையும் விமானப்படையும் பெண்களுக்குக் குதிரைவால் முடிக்கும் பின்னலுக்கும் இடம் கொடுத்தன. போர்த்தேவையின் பெயரால் இருந்த விதியைப் போர்த்தேவையே மாற்றியது. காரணத்தைத் தோண்டிப் பார்க்கும் அதிகாரிக்குத்தான் இப்படி ஒரு மாற்றம் கண்ணில் படும்.

சமமாக்கும் நாற்காலி

இரண்டாம் வகை விதி பழக்கத்துக்கானது. தினமும் மழிப்பதால் ஒருவன் நன்றாகச் சுட மாட்டான். ஆனால் நாலு மணிக்கு எழுந்து, அரைத் தூக்கத்தில், பத்து நிமிடத்தில் முகம், பூட்ஸ், படுக்கை மூன்றையும் சரிசெய்யக் கற்றவன், களைத்த நேரத்திலும் சின்ன வேலையைத் தவறவிடமாட்டான் என்பது பயிற்சி தருபவர்களின் நம்பிக்கை. துப்பாக்கியைத் துடைக்காமல் தூங்கியவனுக்கு நடப்பது பூட்சைத் துடைக்காதவனுக்கு நடப்பதில்லை. அதனால்தான் பழகுவதைப் பூட்சில் தொடங்குகிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

இதற்குள் நம் மண்ணுக்கே உரிய இன்னொரு நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் கடை எல்லோருக்கும் பொதுவான இடமாக எப்போதும் இருந்ததில்லை. தலித் இளைஞனுக்கு வெட்ட மறுக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அவன் பஸ் ஏறி டவுனுக்கு வந்து வெட்டிக்கொள்வான். அப்படிப்பட்டவனும், அவனுக்கு வெட்டக் கூடாது என்று சொன்ன தெருவிலிருந்து வந்தவனும் பரங்கிமலையில் அதே நாற்காலியில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். அதே கத்தரி, அதே மெஷின், அதே அளவு. எந்த மேடைப் பேச்சையும்விட இது வலுவான சமத்துவப் பாடம்.

கையில் கட்டும் கயிறும் அப்படித்தான். எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கயிறுகளை நிறுத்தச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியதும் எதிர்ப்பு கிளம்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றையும் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது.

கவனித்தால் 1806இன் ஆணையும் 2024இன் பரிந்துரையும் நெற்றியையே தொடுகின்றன. ஒன்று ஏன் கொடுமை, மற்றது ஏன் நியாயம்? முதலாவதை விதித்தவன் தன் நெற்றியில் எதையும் இழக்கவில்லை. தன் உருவத்தை அடுத்தவன்மேல் ஏற்றினான். காரணம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. இரண்டாவது, பலவீனமானவனைக் காப்பதற்காக எல்லோரிடமும் ஒன்றுபோல் கேட்கப்படுவது. காரணம் அறிக்கையில் எழுதி ஊர் முன் வைக்கப்பட்டது. எதிர்த்துப் பேசவும் வழி இருந்தது. தோற்ற விதியை எடைபோட இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சமயத்தின் எல்லை

ஒரே மாதிரி இருந்தால்தான் ஒற்றுமை என்ற வாதத்துக்கு இந்திய ராணுவமே மறுப்பு. சீக்கிய அதிகாரி கேசமும் தாடியும் வைத்து, தலைப்பாகையோடு, மழித்த முகங்களுக்கு நடுவில் ஒரே தாளத்தில் நடக்கிறார். அணிவகுப்பின் கோடு வளைவதில்லை. கடற்படையில் அனுமதி பெற்று முழுத் தாடி வைக்கலாம். ஆகவே நம் படைகளில் ‘ஒரே தோற்றம்’ என்பது எப்போதும் பேசி முடிவான வேறுபாடுகளின் தொகுப்பாகவே இருந்துவந்திருக்கிறது.

அந்த எல்லை எங்கே நிற்கிறது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சமயக் காரணத்துக்காகத் தாடி வைத்த விமானப்படைக் கார்ப்பரல் ஒருவரின் பணிநீக்கம் தொடர்பான வழக்கில் 2016 டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது. விமானப்படையின் 425ஆம் விதி, முடி வெட்டுவதையோ மழிப்பதையோ சமயம் தடைசெய்தவர்களுக்கே விலக்குத் தருகிறது. மனுதாரரின் சமயத்தில் அப்படித் தடை இருப்பதாக நிறுவப்படவில்லை. சீரான தோற்றம் படையின் கட்டுக்கோப்புக்காகவே, எந்தச் சமயத்துக்கும் எதிராக அல்ல என்றது நீதிமன்றம். படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்க நாடாளுமன்றத்துக்கு அரசமைப்பின் 33ஆம் பிரிவு தரும் அதிகாரம் இத்தகைய வழக்குகளின் பின்னணியில் எப்போதும் உண்டு.

அமெரிக்காவில் இதே கேள்வி பயிற்சிக் காலத்தை மையமாக வைத்தே எழுந்தது. சேவையில் தாடிக்கு ஓரளவு இடம் தரலாம், அடிப்படைப் பயிற்சியின்போது மட்டும் முடியாது, அங்கேதான் தனி மனிதனைக் கழற்றிப் படைவீரனை உருவாக்குகிறோம் என்றது மரைன் படை. சீக்கிய இளைஞர்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். மழித்தால் முகத்தில் கட்டிகள் வரும் தோல் நோய் உள்ளவர்களுக்கு மழிப்பிலிருந்து விலக்குத் தருகிறீர்கள்; அந்தத் தாடியால் குலையாத கட்டுக்கோப்பு இந்தத் தாடியால் மட்டும் குலையுமா என்று 2022 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மடக்கியது. விதியில் ஒரு விலக்கு வைத்துவிட்டால் அடுத்த விலக்கை மறுக்கக் காரணம் வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பச்சையும் டையும்

காணைப் பக்கத்துப் பையனின் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் விதி பச்சை குத்துவது பற்றியது. பதினாறு வயதில் திருவிழாக் கடையில் தோளிலோ மார்பிலோ காதலியின் பெயர், நடிகர் முகம், சாதித் தலைவரின் படம் என்று குத்திக்கொள்கிறான். இருபது வயதில் ராணுவம் நினைவுக்கு வருகிறது. முழங்கையின் உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறம், புறங்கை ஆகிய இடங்களில்தான் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. மற்ற இடத்தில் இருந்தால் தேர்வுக்குத் தடையாகும். வழக்கப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. லேசர் வைத்து அழித்தால் செலவும் பிடிக்கும், தழும்பும் நிற்கும். இந்த விதியின் நியாயத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் இதைச் சொல்லியிருந்தால் பல கனவுகள் தப்பும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மூன்றாம் வகை விதிகள் ஆங்கிலேய கனவான் விட்டுப்போனவை. எஸ்.எஸ்.பி.க்குப் போகும் கிராமத்து இளைஞன் முதன்முறையாக முழுக்கைச் சட்டை, தோல் ஷூ, டை வாங்குகிறான். டை முடிச்சை யூடியூப் பார்த்துக் கற்கிறான். பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த பிறகு, விருந்து மேசையில் முள்கரண்டி பிடிப்பதும் மாலை நேர ‘மஃப்டி’ உடையும் பாடத்தின் பகுதி. இவற்றில் சில பழக்கம் பல நாட்டு அதிகாரிகளோடு பழக உதவும். சில வெறும் மரபு. அதில் தவறில்லை, மரபில்லாத படை இல்லை. தவறு எப்போது வருகிறதென்றால், மரபைத் தகுதி என்று எண்ணும்போது. டை முடிச்சு கோணலாக இருப்பவன் தலைமைக்குக் கோணலானவன் என்று ஒரு நொடி நினைத்துவிட்டால், நகரத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பத்து மதிப்பெண் கொடுத்தாகிவிட்டது. 1962இலிருந்து அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்றவை செய்த நல்ல காரியம், அந்தப் பழக்கத்தை நகரத்துப் பணக்காரப் பிள்ளைகள் அல்லாத மற்றவர்களுக்கும் சின்ன வயதிலேயே கொடுத்ததுதான். மாவட்டம்தோறும் என்.சி.சி. அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்ய முடியும்.

மாறுவதும் மீள்வதும்

விதிகள் கல்வெட்டு அல்ல என்பதை உலகம் காட்டிக்கொண்டே இருக்கிறது. கனடா 2018இல் தாடியை அனுமதித்தது. 2022 செப்டம்பரில் ஆண், பெண் என்று பிரிக்காமல் முடி விதியையே தளர்த்தியது. 2024 ஜூலையில் சிலவற்றை மீண்டும் இறுக்கியது. தாடியை நெடுங்காலம் மறுத்த பிரிட்டிஷ் தரைப்படை 2024 மார்ச் இறுதியில் இணங்கியது, ஆனால் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 25.5 மில்லிமீட்டருக்கு மிகாமல், ஒழுங்காக வெட்டிய முழுத் தாடி என்று அளவு போட்டது. முகமூடி அணிய வேண்டிய இடத்தில் மழிக்கச் சொல்லலாம். எதிர்த்திசையில், 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத் மூத்த தளபதிகளைக் கூட்டித் தாடிக்கான விலக்குகளைக் குறுக்கப்போவதாகச் சொன்னார்.

இந்த ஊசலாட்டத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, எப்படி மாறுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. கனடாவும் பிரிட்டனும் எதற்கு அனுமதி, எந்த அளவு, எங்கே விலக்கு என்று எழுத்தில் போட்டுவிட்டே மாற்றின. எழுத்தில் இருப்பதைப் பிறகு திருத்தவும் முடிந்தது. தளபதியின் ருசிக்கு மாறும் விதி, அடுத்த தளபதி வரும்வரைதான் நிற்கும்.

நம் பயிற்சிக் கழகங்களுக்குச் சொல்ல மூன்று உண்டு. முதலாவது, ஒவ்வொரு தோற்ற விதிக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்: இது முகமூடிக்காக, இது பழக்கத்துக்காக, இது மரபுக்காக. முதல் வகையில் யாருக்கும் தளர்வு வேண்டாம். இரண்டாம் வகை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூத்தவன் இளையவனைச் சிறுமைப்படுத்தும் கருவியாக அது மாறும் நாளில் அதன் பயன் முடிந்தது. மூன்றாம் வகையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, தேவையில்லாததைக் கழிக்கலாம்.

இரண்டாவது, 1806ஐப் பாடமாக வைக்க வேண்டும். பரங்கிமலையிலிருந்து வேலூர் ஒரு காலைப் பயணம். சிப்பாய்களின் வீரத்துக்கு மாலை போட்டு வருவதோடு நிறுத்தாமல், கிரடாக்கின் ஆணையைப் பயிற்சியாளர்கள் கையில் கொடுத்து, உன் மேசைக்கு இது வந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பாய், எந்த வரியை அடித்திருப்பாய் என்று எழுதச் சொல்லலாம்.

மூன்றாவது, காணை போன்ற ஊர்களின் கல்லூரிகளில் என்.சி.சி. அணியில் நிற்பவனிடம் ‘முடியை வெட்டு’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். காரணம் தெரிந்து தலை குனிந்தவன் நாளை ஆணையிடும்போதும் காரணத்தோடு இடுவான். காரணமே கேட்காமல் குனிந்து பழகியவன் தோளில் நட்சத்திரம் ஏறினால், அவன் கீழே நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து.